பதினேழு பிள்ளைகளும் ஒரு கட்டைவிரலும்

குளவிமலை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிசனில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கும் ஓடைக்கும் நடுவே, கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற தகரக் கூரை அறை ஒன்று இருந்தது. அதற்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். நான்கு வயதுக் குமுதினியை அவள் அத்தை அங்கே கொண்டுவந்து விட்ட காலையில் உள்ளே பதினொரு குழந்தைகள் இருந்தன, பதினொன்றும் அழுதுகொண்டிருந்தன. அவள் கதவோரம் கிடந்த பலகைக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, வலது கைக் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டதும் பதினொன்றும் ஒருசேர நிறுத்தின.

அழுது களைத்து ஓய்கிற பிள்ளை தேம்பித் தேம்பித்தான் ஓயும். இந்தப் பிள்ளைகள் தேம்பவில்லை. தாயின் மார்பில் பால் இறங்கத் தொடங்கியதும் பிள்ளை எப்படிக் கண்ணை மேலே செருகி, கைவிரல்களை ஒவ்வொன்றாக விரித்து, தொண்டையில் சின்னச் சத்தம் வர விழுங்குமோ அப்படி விழுங்கின. ஒவ்வொன்றின் கடைவாயிலும் ஒரு துளி வெள்ளை நின்றது. அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த ஆயா தவமணி, சத்தம் நின்றால் பிள்ளை எதுவோ ஓடைப் பக்கம் தவழ்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பதால் ஓடிவந்து, தன் வழக்கப்படி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். பதினொன்று சரியாக இருந்தது. துணிகள் நிறையக் கிடந்ததால் துவைக்கப் போய்விட்டாள்.

குமுதினியின் அம்மா இந்திராணி அன்று விடிகாலைப் பஸ்ஸில்தான் கோயம்புத்தூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றுக்கு, அங்கேயே ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யப் போயிருந்தாள். அப்பா அதற்கு முந்தின வருடம் கேரளத்து ரப்பர்த் தோட்டத்துக்கு என்று போனவர், போனவர்தான். அத்தை பூமணி கெட்டவள் அல்ல. தன் மூன்று பிள்ளைகளோடு நான்காவதாக ஒரு தட்டு வைத்தாள், நான்காவதாக ஒரு பாய் விரித்தாள். அதற்கு மேல் அவளிடம் நேரம் இல்லை.

டிவிசன் முழுவதற்கும் விஷயம் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. விரல் உள்ளே இருந்தால் பிள்ளைகள் நிறைந்து கிடக்கின்றன, வெளியே வந்தால் அழுகின்றன என்று தவமணி சொன்னதைக் கேட்டு, எதையும் கடிகாரம் இல்லாமல் நம்பாத சின்னையா கங்காணி ஒரு நாள் காம்பராவுக்கு வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குமுதினியை விரலை எடுக்கச் சொன்னார், வைக்கச் சொன்னார், மறுபடி எடுக்கச் சொன்னார். மூன்று முறை செய்து பார்த்துவிட்டு, சரிதான் என்று சொல்லிக் கொழுந்து நிறுக்கப் போனார். மலையில் எத்தனையோ நடக்கிறது; யானை வந்து லயத்து வாசலில் உப்புத் தின்றுவிட்டுப் போகிறது, மேகம் கதவைத் திறந்து உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறது. ஒரு பிள்ளை விரல் சூப்பினால் பதினொரு பிள்ளைக்கு வயிறு நிறைகிறது என்பதும் அதில் ஒன்று.

அந்த நாட்களில் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டரை மணிக்கும் பால் நேரம் என்று ஒன்று இருந்தது. காம்பராவின் இறவாரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைச் சின்னையா இரும்பால் அடிப்பார். கைப்பிள்ளைக்காரிகள் மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சரிவில் ஓடி வருவார்கள், பால் கொடுப்பார்கள், மறுபடி ஏறுவார்கள். இறங்க இருபது நிமிடம், ஏற அரை மணி. இப்போது அவர்கள் மூச்சிரைக்க வந்து பிள்ளையை மடியில் போட்டால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கல்லாகக் கட்டிய மார்போடு திரும்பப் போய், தேயிலைச் செடியின் தூரில் பாலைப் பீய்ச்சிவிட்டு, வலியை முந்தானையால் மூடிக்கொண்டு பறித்தார்கள். சில வாரங்களில் பால் வற்றியது. அந்தச் செடிகளின் கொழுந்து மட்டும் ஒரு பருவம் முழுக்க வெளிறிப்போய் இருந்தது.

பிறகு பெண்களே கங்காணியிடம் போய், மணி அடிக்க வேண்டாம் என்றார்கள். சின்னையா இரண்டு தரம் கேட்டார்.

"இப்ப வேணாம்னு சொல்லிட்டு நாளைக்கு வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டோம்ணே. எறங்கி ஏறுறதுலயே பாதி உசிரு போகுது. மீதி உசிருலதான் ஒங்க கூடைய நெரப்புறோம்."

எஸ்டேட் மேனேஜரான துரைக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. இறங்கி வரத் தேவையில்லாதவர்களை எவ்வளவு தூரத்துக்கும் அனுப்பலாம் என்பதால், ஒரு மணி நேர நடையில் இருந்த பன்னிரண்டாம் நம்பர் மலையிலும் கைப்பிள்ளைக்காரிகள் நிரைபிடித்துக் கொழுந்து பறித்தார்கள். தொழிலாளர் நலம் பார்க்கும் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, இவ்வளவு அமைதியாக ஒரு காம்பராவைப் பார்த்ததில்லையே, பிள்ளைகளுக்குத் தூக்க மருந்து ஏதும் தருகிறீர்களா என்று தவமணியை விசாரித்தார். அவள் கட்டிலைக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாளில் அதற்கு இடம் இல்லாததால் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குமுதினிக்கு நல்லதுதான் செய்தார்கள். பிள்ளைபெற்ற ஒவ்வொருத்தியும் அவளுக்கு ஏதாவது கொண்டுவந்தாள். ஒருத்தி மஞ்சள் நிற ஸ்வெட்டர், ஒருத்தி காது மூடும் குல்லாய், ஒருத்தி தீபாவளிக்குப் பாவாடை. பலகைக் கட்டிலுக்கு மெத்தை வந்தது. பள்ளிக்கூடம் போகும் வயது வந்தபோது, தன் கடைசிப் பிள்ளையையும் காம்பராவில் விட்டிருந்த எஸ்டேட் வாத்தியார், சிலேட்டையும் புத்தகத்தையும் அங்கேயே அனுப்பிவைத்தார். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல வேண்டுமானால் விரல் வெளியே வர வேண்டும். விரல் வெளியே வந்தால் ஒருத்தியின் பிள்ளை பசியில் கத்தும். ஆகவே குமுதினியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது, யாரும் கூடி முடிவெடுக்காமலே, மூன்றாம் டிவிசனின் வழக்கமாகிவிட்டது. பசிக்கிறதா என்று கேட்காமல், குழந்தைகள் தூங்கும் நேரம் பார்த்து சோற்றைப் பிசைந்து ஊட்டினார்கள். குளிர்கிறதா என்று கேட்காமல் குல்லாயை இழுத்துவிட்டார்கள். கைதட்டி விளையாடவும் கல் தூக்கிப்போட்டு விளையாடவும் இரண்டு கை வேண்டும் என்பதால் அவளை விளையாட்டுக்குக் கூப்பிடக்கூடாது என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். வழியில் பார்த்தால் தலையைத் தடவிவிட்டு, ஒரு சொல் பேசாமல், கோயிலைக் கடப்பதுபோல மெதுவாகக் கடந்து போனார்கள். இப்படி இரண்டு வருடம் போயிற்று.

விரல் சூப்புவது குழந்தைக்குக் குற்றம் அல்ல. பிறந்த பிள்ளைகள் பாதிக்கு மேல் சூப்பும். இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள், கைக்கும் வாய்க்கும் வேறு வேலை வந்ததும், பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும். குமுதினியும் விட்டிருப்பாள். ஆனால் அவள் கைக்கும் வாய்க்கும் வேறு வேலை வராமல் ஒரு டிவிசனே பார்த்துக்கொண்டது. தாடை எலும்பு அந்த வயதில் ஈரக் களிமண் மாதிரி. எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் அவ்வளவு போகும். நாளெல்லாம் வைத்த விரல் மேல்வரிசை முன்பற்களை வெளியே தள்ளியது, கீழ்வரிசையை உள்ளே சாய்த்தது, அண்ணத்தைக் குறுக்கிக் குடைந்து மேலே ஏற்றியது. கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடித்தாலும் முன்னால் மேலும் கீழும் சேராமல், அவள் கட்டைவிரல் சரியாகப் பொருந்தும் அளவுக்கு ஓர் இடைவெளி நின்றது. முறுக்கை முன்பல்லால் கடிக்க முடியாது; பக்கத்தில் தள்ளித்தான் கடிக்க வேண்டும். எப்போதாவது பேசினால் அந்த இடைவெளியில் நாக்கு வந்து நின்று சொற்களைக் குழைத்தது. விரலோ வெளுத்துச் சுருங்கி, முட்டியில் காய்ப்பு ஏறி, வேறு யாருடைய விரலோ போல இருந்தது.

இதையெல்லாம் தவமணி தினமும் பார்த்தாள். பார்த்தவள் எண்ணவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் தலைகளைத் தொட்டு எண்ணுகிறவள், பேரேட்டில் பெயர் உள்ள கைக்குழந்தைகளைத்தான் எண்ணினாள். கட்டிலில் இருந்த தலை அந்தக் கணக்கில் இல்லை.

குமுதினிக்கு ஆறரை வயது ஆனபோது, கீழே நகரத்திலிருந்த பல் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து முகாம் வண்டி வந்தது. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் திடலில், பெரியவர்களின் வெற்றிலைக் கறையைப் பார்த்து முடித்துவிட்டு, நஸ்ரின் என்ற இளம் டாக்டர் காம்பராவுக்கு வந்தாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். பதினேழு என்றாள் தவமணி. டாக்டர் சுற்றிப் பார்த்தாள்.

"பதினெட்டு இருக்கே அக்கா."

"பதினேழுதான் டாக்டரம்மா. இப்பத்தான் தொட்டு எண்ணுனேன்."

"அப்போ அந்தக் கட்டில்ல இருக்கிறது?"

தவமணி திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் குமுதினியின் முன்னால் முழந்தாளிட்டு, வாயைத் திறக்கச் சொன்னாள். விரல் வெளியே வந்தது. பதினேழு பிள்ளைகளும் அழுதன. டாக்டர் விளக்கைப் பிடித்தபடி அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே மேல்வரிசை, கீழ்வரிசை, அண்ணம் எல்லாம் நிதானமாகப் பார்த்து, சீட்டில் குறித்து, வாயை மூடிக்கொள்ளச் சொன்னாள். விரல் உள்ளே போனது, அறை அடங்கியது. விஷயத்தைத் தவமணி சொல்லக் கேட்டபோது டாக்டர் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை. எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டு அதையும் குறித்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். பால்பல் இருந்தவரை பரவாயில்லை. கீழே இரண்டு நிலைப்பல் வந்துவிட்டது, அதுவும் உள்ளே சாய்ந்துதான் வந்திருக்கிறது. மேலே பால்பல் ஆடுகிறது. இன்னும் சில மாதத்தில் அங்கேயும் நிலைப்பல் முளைக்கும். அதற்குள் விரலை விட்டால் உதடும் நாக்குமே மெல்ல மெல்லப் பெரும்பகுதியைச் சரிப்படுத்திவிடும். விடாவிட்டால் பல்லோடு எலும்பும் அந்தக் கோணலிலேயே வளர்ந்துவிடும். பிறகு வருடக்கணக்கில் கம்பி போட வேண்டும், அதிலும் முழுக்கச் சரியாகாமல் போகலாம். கடிப்பது, மெல்லுவது, பேசுவது, சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரிப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. வேப்பெண்ணெய் தடவ வேண்டாம், திட்ட வேண்டாம், விரலைக் கட்டிவைக்க வேண்டாம். அவளோடு பேசுங்கள், கைக்கு ஏதாவது கொடுங்கள், சூப்பாமல் இருந்த நேரத்துக்குப் பாராட்டுங்கள்.

"அப்ப இந்தப் பதினேழுக்கும்?" என்றாள் தவமணி.

"பதினேழு பிள்ளைக்கு ஒரு பிள்ளையோட வாய் போதாதுக்கா" என்றாள் டாக்டர். அடுத்த வருடம் வருவதாகச் சொல்லி, சீட்டைக் குமுதினியின் ஸ்வெட்டர் பையில் வைத்துவிட்டு வண்டி ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். யாருக்கும் குமுதினியின் பல் கெடுவதில் விருப்பம் இல்லை. அது பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள், சிலர் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். இடது விரலை மாற்றிச் சூப்பச் சொன்னால் என்ன என்றாள் ஒருத்தி. விரல் மாறினாலும் வாய் ஒன்றுதானே என்று தவமணி சொல்ல வேண்டியிருந்தது. மற்றப் பிள்ளைகளுக்குப் பழக்கிப் பார்ப்போம் என்றார்கள். அடுத்த நாள் ஐந்து பிள்ளைகளைக் கட்டிலில் வரிசையாக உட்காரவைத்து விரலைக் கொடுத்தார்கள். ஒன்று தூங்கிவிட்டது, ஒன்று தன் விரலைத் தானே கடித்துக்கொண்டு கத்தியது, பூமணியின் கடைக்குட்டி எனக்கும் மஞ்சள் ஸ்வெட்டர் உண்டா என்று கேட்டான். கைக்குழந்தைகள் ஐந்து பேரையும் பொருட்படுத்தாமல் அழுதன.

பறிப்பு மும்முரமாகும் ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டும் போகட்டும், பிறகு நிறுத்திவிடலாம் என்று முடிவாயிற்று. அதை முதலில் சொன்னவள் மனோரஞ்சிதம். தலைப்பிள்ளைக்காரி, ஆறு மாதப் பையன், பன்னிரண்டாம் நம்பர் மலை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மணியை நாமே வேண்டாம் என்றோம், இனி எந்த முகத்தோடு கேட்பது, என் பிள்ளை மலையடிவாரத்தில் பட்டினி கிடக்க நான் மேலே நின்று பறிக்கவா என்று அவள் கேட்டபோது எல்லோரும் தலையாட்டினார்கள். தவமணியும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஏப்ரல் பாதியில் குமுதினியின் மேல்வரிசை முன்பல் விழுந்தது. நான்கு நாளில் பக்கத்துப் பல்லும் விழுந்தது. தவமணி அவள் வாயைக் கழுவிவிடும்போது ஈறில் ஏதோ தட்டுப்பட, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அரிசி முனை அளவுக்கு இரண்டு வெள்ளை, முளைத்தும் முளைக்காமலும், அப்போதே வெளிப்பக்கம் சரிந்து நின்றன. மே முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அன்று காலை பத்து மணிக்குத் தவமணி துணி துவைக்கப் போகவில்லை. கட்டிலில் குமுதினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச வேண்டும் என்று உட்கார்ந்தவளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக ஒரே அறையில் இருந்தும் அவள் இந்தப் பிள்ளையிடம் எதையும் கேட்டதில்லை. கடைசியில், எதிரே தூளியில் கிடந்த மனோரஞ்சிதத்தின் பையனைக் காட்டி, இவன் ஏன் எப்பப் பார்த்தாலும் இடது காலையே ஆட்டுகிறான் என்று கேட்டாள்.

குமுதினி அவளை வெகுநேரம் பார்த்தாள். கேள்வி தன்னிடம்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்வதுபோலக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்தாள்.

"அவனுக்கு வலது கால்ல பூச்சி கடிச்சிருக்கு" என்றாள். நாக்கு வழுக்கிச் சொல் குழைந்தது. தவமணி குனிந்து கேட்டாள். போய்ப் பார்த்தால் வலது முழங்காலுக்குப் பின்னே சிவந்த தடிப்பு இருந்தது.

"ஒனக்கு எப்படிடி தெரியும்?"

பையன் அழுதான். மற்றப் பதினாறும் அழுதன. அந்த அழுகைக்கு மேலே குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லையும் நாக்கால் தள்ளித் தள்ளி, குமுதினி சொல்ல ஆரம்பித்தாள். அவள் விரலின் அந்தப் பக்கத்தில் பதினேழு பேர் இருப்பதை, ஒவ்வொருத்தரும் வேறு வேறு மாதிரி இழுப்பதை, வாத்தியார் பிள்ளை பாதியில் மறந்துவிடுவதை, இந்தப் பையன் மழை தகரத்தில் விழும்போது மட்டும் வேகமாகக் குடிப்பதை, மூலையில் கிடக்கும் இரட்டைப் பெண்களில் சின்னது பெரியது முடிக்கும்வரை காத்திருப்பதை. தவமணி கேட்டுக்கொண்டே இருந்தாள். கேள்வி தீரும்போதெல்லாம் இன்னொன்று கேட்டாள். தூளிகளை ஆட்டினாள், சர்க்கரைத் தண்ணீர் காட்டினாள், ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டாள்.

பதினேழு பிள்ளைகளின் அழுகை தகரக் கூரையில் சேர்ந்து, ஓடையின் மேலே எழும்பி, ஆறாம் நம்பர் மலையைக் கடந்து, எட்டாம் நம்பர் மலையைக் கடந்து, பன்னிரண்டாம் நம்பர் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே நிரையில் நின்ற பெண்களின் கைகள் கொழுந்தின் மேல் அப்படியே நின்றன. மணி அடிக்கவில்லையே என்றார் சின்னையா. மனோரஞ்சிதம் கூடையின் பட்டியைத் தலையிலிருந்து கழற்றினாள். சின்னையா மறுபடியும், மணி அடிக்கவில்லை என்றார்.

"எம்புள்ள அடிக்கிறாண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். அவள் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். ஒரு மணி நேரச் சரிவை முக்கால் மணியில் இறங்கினார்கள்.

வழியெல்லாம் மனோரஞ்சிதம் ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள். மற்ற எல்லாவற்றுக்கும் மேலே கீச்சென்று கேட்டது, அதுதான் என் மகன், என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று. காம்பரா வாசலில் வந்து பார்த்தால் அந்தக் குரல் வாத்தியார் பிள்ளையுடையது. அவள் நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து பகலில் அழாத பிள்ளை. வீட்டுக்குப் போனாலும் நிறைந்த வயிற்றோடு தூங்கிய பிள்ளை. அவன் அழுகை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பின்னால் வந்து நின்றவர்களுக்கும் தெரியவில்லை. பசுக்கூட்டத்தில் கன்றுக்குத் தாயைத் தெரியும், தாய்க்குக் கன்றைத் தெரியும். இங்கே தூளிகள் எல்லாம் ஒரே பழைய சேலையில் கட்டியவை, அழுகைகள் எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தன, தாய்மார்கள் வாசலில் நின்றார்கள்.

அப்போதுதான் முதல் தடவையாக அவர்களில் ஒருத்தி குமுதினியைப் பார்த்துக் கேட்டாள்.

"எம்புள்ள எதுடி, குமுதினி?"

குமுதினி கட்டிலிலிருந்து இறங்கினாள். தொண்டை அடைத்ததுபோல விட்டுவிட்டு அழுவது இது. மூச்சை இழுத்து நீளமாக அழுவது அது. மனோரஞ்சிதம் அத்தை, ஒங்க பையன் சத்தமே இல்லாம அழுவான், அந்தா ஓரத்துல. அவள் ஒவ்வொரு தூளியாகக் காட்டிக்கொண்டே போனாள், அவர்கள் ஒவ்வொருத்தராக எடுத்துக்கொண்டே போனார்கள். மனோரஞ்சிதம் தன் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு, வற்றிய மார்பை அவன் சப்பச் சப்ப, சுவரில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள்.

மறுநாளும் இறங்கினார்கள், அதற்கு மறுநாளும் இறங்கினார்கள். இரண்டு வாரம் துரை கோபித்தார், மூன்றாவது வாரம் கைப்பிள்ளைக்காரிகளைப் பக்கத்து மலைகளுக்கு மாற்றிப் போட்டார். சிலருக்குப் பால் மறுபடி ஊறியது, சிலருக்கு ஊறவில்லை. அவர்கள் புட்டியோடு வந்தார்கள். கேள்விகளும் வந்தன. இவன் ஏன் துப்புகிறான், இவளுக்கு எந்தப் பக்கம் படுத்தால் பிடிக்கும் என்று பெண்கள் கேட்டார்கள், குமுதினி சொன்னாள். கைகள் சும்மா இருந்தால் தவமணி அவளுக்குத் துணி மடிக்கக் கொடுத்தாள். மே முடிவதற்குள் பகலில் விரல் வாய்க்குப் போவது அநேகமாக நின்றுவிட்டது. அரிசி முனை அளவில் இருந்த பற்கள் பாதி வளர்ந்து, சரிவு கொஞ்சம் குறைந்து, இறங்கிக்கொண்டிருந்தன. ஆனால் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் அழுகையைக் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, குமுதினியிடம் கேட்பதற்கு ஒவ்வொரு கேள்வியாகக் குறைந்துகொண்டும் வந்தது. பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவள் பேச்சு குழைகிறது என்று பிள்ளைகள் அதேபோலப் பேசிக் காட்டினார்கள்.

ஜூன் மழையின் முதல் வாரம், விளக்கு வைக்கும் நேரம், அத்தை குழாயடிக்குப் போயிருந்தாள். குமுதினி ஈரத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். எதிர் வீட்டில் மனோரஞ்சிதத்தின் பையன் தன் சத்தமில்லாத அழுகையைத் தொடங்கியிருந்தான். சத்தம் இல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அவள் விரலை எடுத்து வாயில் வைத்தாள். காத்திருந்தாள். அவன் நிறுத்தவில்லை. விரலின் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை; உப்புக் கரித்த, காய்ப்பு ஏறிய ஒரு விரல் மட்டும் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். பிறகு எடுத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

லயத்தில் பெண்கள் தலை தூக்கினார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் தூளியைப் பார்த்தாள், நம்முடையது இல்லை. வெளியே வந்து பக்கத்து வீட்டைப் பார்த்தாள், அவர்களுடையதும் இல்லை. பதினேழு குரல்களும் இப்போது அவர்களுக்கு மனப்பாடம். இது அவற்றில் ஒன்றாக இல்லை. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் மழையை மறைத்துக்கொண்டு, கதவு கதவாகக் காதுவைத்து நடந்தார்கள். தவமணியும் வந்தாள். குடத்தோடு திரும்பிய பூமணி தன் வாசலில் கூட்டத்தைக் கண்டு, என்ன என்று கேட்டுக்கொண்டே அவர்களை விலக்கி உள்ளே போனாள்.

"என்னடி? என்ன வேணும்?"

"அம்மா" என்றாள் குமுதினி. அந்தச் சொல்லுக்குப் பல் தேவையில்லை, இரண்டு உதடு போதும்; அது குழையாமல் வந்தது.

பூமணி குடத்தை இறக்கினாள். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் இந்திராணி போன் செய்துகொண்டுதான் இருந்தாள். பிள்ளை நல்லா இருக்கு, ஒரு தொந்தரவும் இல்லை என்று பூமணி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். குமுதினி கையில் போனைக் கொடுத்தால் விரலை எடுப்பாள், லயத்தில் பிள்ளைகள் எழுந்துவிடும் என்று கொடுத்ததில்லை. இப்போது அலமாரியிலிருந்து போனை எடுத்து, எல்லோரும் பார்த்திருக்க எண்ணை அழுத்தினாள். ஹாஸ்டல் வார்டன் எடுத்தாள். இந்திராணி ஷிப்டில் இருக்கிறாள், பத்து மணிக்குத்தான் வருவாள் என்றாள்.

"அவ மக பேசணும்னு அழுவுதும்மா."



"மகளா? அது பேசாத பிள்ளைன்னுல்ல இந்திராணி சொல்லியிருக்கா" என்றாள் வார்டன்.

இருங்கள், உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று வார்டன் சொன்னாள். படி இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு ஒரு கதவு, அதற்குப் பின்னால் ஆயிரம் நூற்புக் கதிர்கள் ஒன்றாகச் சுற்றும் மில்லின் இரைச்சல். பூமணி போனைக் குமுதினியிடம் கொடுத்தாள். மழை தகரத்தில் பெய்துகொண்டிருந்தது. இடுப்பில் இருந்த பிள்ளைகள் தாங்களாகவே அடங்கி அவளையே பார்த்தன. ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. குமுதினி இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டு, பாதி வளர்ந்த பல் தெரிய, முதல் சொல்லுக்கு வாயைத் திறந்து வைத்தபடி நின்றாள்.